காய்ச்சல் வாளி

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் இரண்டு போன் போகும்.

முதல் போன் சுகாதார ஆபீசுக்கு. யாருக்குத் தட்டம்மை, யாருக்கு மஞ்சள் காமாலை, யாருக்கு டைபாய்டு, என்ன வயது, எந்தத் தெரு என்று நர்ஸ் சொல்வாள். தொற்று நோய் என்றால் சொல்லியே ஆக வேண்டும். சட்டம். மறுமுனையில் ஒருவர் வேர்க்கடலை மென்றுகொண்டே கேட்டுக்கொள்வார். அவரை அவள் நேரில் பார்த்தது கிடையாது. ஆனால் மெல்லும் சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கடலை வறுத்ததா வேகவைத்ததா என்று சொல்லிவிடுவாள்.

இரண்டாவது போன் ஐஸ் ஆலைக்கு. அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆலை அவள் புருஷனுடையது. போனை எடுப்பது அவனுடைய அக்கா. நர்ஸ் அவளை அண்ணி என்பாள்.

"எந்த வீடு?"

ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. அண்ணிக்கு அந்த ஒரு கேள்வி போதும். நர்ஸ் வீட்டைச் சொல்வாள். மத்தியானத்துக்குள் ஒரு வெள்ளை எனாமல் வாளி, ஈரச் சாக்கு போர்த்தியபடி, அந்த வீட்டு வாசலில் இறங்கும். உள்ளே ஐஸ் துண்டுகள். நெற்றியில் வைக்க, வாயில் போட்டுச் சப்ப. காசு கிடையாது.

முதல் போனால் வருவது வேறு. சுகாதார வண்டி வரும். மூக்கைக் கட்டிய ஆட்கள் வாசலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கோடு இழுப்பார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கும். கோடு மறைகிறவரை அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதனால் தெருவில் நர்ஸுக்குப் போன்காரி என்று பேர். அண்ணிக்கு வாளியக்கா.

"நீ ஊர் வாயில வாங்கிக் கட்டிக்கிறே. நான் பின்னாலயே போய் ஐஸ் ஒத்தடம் குடுக்கறேன்" என்பாள் அண்ணி. "நல்ல குடும்பம்தான் போ."

ஐஸ் ஆலைக்குள் எப்போதும் ஒரே காலம். வெளியே தார் உருகும்போதும் உள்ளே புகை மாதிரி குளிர் நிற்கும். தரை முழுக்க மரப்பலகை மூடிகள். மூடிகளுக்கு அடியில் உப்புத் தண்ணீர். அதற்குள் வரிசையாகத் தகர டின்கள். டின்களுக்குள் நல்ல தண்ணீர் மெல்ல மெல்லக் கெட்டியாகிக்கொண்டிருக்கும். மூடிகள்மேல் நடந்தால் காலுக்கடியில் தண்ணீர் முணுமுணுப்பது கேட்கும். புதிதாக வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அங்கேயே கிடக்கிறவர்களுக்கு அது கேட்பதில்லை. என்றைக்காவது மெஷின் நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று தலை தூக்குவார்கள்.

புருஷன் சங்கிலியை இழுப்பான். டின் மேலே வரும். தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு. சாய்த்தால் ஐஸ் பாளம் ஒரு பெருமூச்சோடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் மட்டும் வெள்ளையாக, ஒரு இறகு உறைந்த மாதிரி. பாளங்கள் மீன் வண்டிகளில் ஏறிப் போகும். ஏற்றும்போது உடைவது உண்டு. உடைசல் அண்ணியின் பங்கு.

அவள் முக்காலியில் உட்கார்ந்து குத்தூசியால் பாளத் துண்டைத் தட்டுவாள். வெள்ளையை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுப்பாள். அதோடு விடமாட்டாள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். மூலை மழுங்கி, கூழாங்கல் மாதிரி ஆகும்வரை. முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டும்.

"இது எதுக்கு அண்ணி, வாயில போட்டா தானா கரையாதா?" என்று நர்ஸ் கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நாக்கு வெடிச்சிருக்கும். மூலை பட்டாக் கிழிச்சிடும். காய்ச்சல் வந்து பாரு, தெரியும்."

"கை விறைச்சுப் போகாதா?"

"விறைக்கத்தான் செய்யும். அதுக்காக உறை போட்டுக்கிட்டா? பூனை உறை போட்டுக்கிட்டு எலி பிடிச்ச கதையா ஆயிடும்."

கை கழுவுவதும் குளிர்ந்த தண்ணீரில்தான். ஆலைக்குள் சோப்பு நுழையக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். சோப்பு வாசம் ஐஸில் ஏறிவிடுமாம். ஒருமுறை புருஷன் வாசனைச் சோப்பில் குளித்துவிட்டு வந்ததற்கு, "மாப்பிள்ளை அழைப்பா? வெளிய நில்லுடா" என்று அரை நாள் உள்ளே விடவில்லை.

*

கோடை அவ்வளவு சீக்கிரம் போகிற மாதிரி இல்லை. பகலெல்லாம் தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கியது. அந்த மாதிரி ஒரு காலையில், டெய்லர் வீட்டுப் பெரிய பெண்ணுக்கு டைபாய்டு என்று நர்ஸ் போனில் சொன்னாள்.

மெல்லும் சத்தம் நின்றது.

"சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டை நீங்க ஏற்கெனவே சொல்லியாச்சு."

"அது அவ தம்பிக்கு. தட்டம்மை. போன மாசம்."

"அதான் சொல்றேன். பஸ் டிரைவர் வீட்டைப் போன மாசம் மஞ்சள் காமாலைன்னீங்க. போன வாரம் அதே வீட்டுல டைபாய்டுன்னீங்க. சலூன் மாடியும் அப்படித்தான். ஒரே வீட்டுக்கு ரெண்டு ரெண்டு தடவை வண்டி விட்டா எங்க டிரைவர் என்னைத் திட்டறான். நோய்க்கு வேற விலாசமே தெரியாதா?"

சிரித்துவிட்டு அவர் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். வறுத்தது. அவளும் சிரித்தாள். போனை வைத்தாள். இரண்டாவது போனுக்கு விரல் போனது. பாதியில் நின்றது.

அந்த வீடுகளுக்கு முதல் தடவை என்ன போனது? பிளீச்சிங் பவுடர் போனது. அதோடு வாளி போனது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் தன் நிழலையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அதன்மேல் படுத்தது. அவள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு இரண்டாவது போன் போகவில்லை.

மதியம் டெய்லர் வீட்டுக்குப் போனாள். வாசலில் அன்று விழுந்த கோடு இன்னும் வெள்ளையாக இருந்தது. டெய்லர் பொண்டாட்டி அதைத் தாண்டி வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"வா சிஸ்டர். இன்னும் எங்கயாவது போன் பண்ணணுமா?"

"பொண்ணைப் பார்க்க வந்தேன்."

அந்தப் பெண்ணுக்கு வாயாடி என்று பேர். ஊசி போடும்போதுகூட நர்ஸிடம் ஊசியின் விலையை விசாரிக்கிற பெண். இப்போது கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பாதி தைத்த சட்டைகள் மேலே கம்பியில் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன. காற்றடித்தால் அவை எல்லாம் ஒன்றாக அசைந்தன. பெண் அவற்றைப் பார்த்து ஏதோ முனகியது.

"யார் யாரோ வந்து நிக்கறாங்கன்னு சொல்றா" என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "சட்டையைக் கழட்டிடலாம்னா, நாளைக்குக் குடுக்க வேண்டிய துணி."

"தம்பிக்குத் தட்டம்மை வந்தப்போ வாளி வந்துச்சே. யார் சாப்பிட்டீங்க?"

"அவனுக்கு நெத்தியில வச்சோம். வாயில போட்டா துப்பிட்டான். இவதான் பக்கத்துல உக்காந்து மொத்தத்தையும் சப்பித் தீர்த்தா. கல்கண்டு மாதிரி இருக்குதாம். வாளியக்கா மகராசி. நீ அவகிட்ட இருந்து கத்துக்கணும் சிஸ்டர்."

*

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் தொட்டித் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். டின்களுக்குக் குழாய்த் தண்ணீர். தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் பழைய சாக்கடை. உடைசல் விழுவது தொட்டி ஓரத்தில். கணக்கு சரியாக வந்தது. சரியாக வரட்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள். கிணறு என்றால் மூடிவிடலாம்.

"சுகாதார ஆபீசுக்குச் சொல்லவா?"

"நம்ம கிணத்தையா?"

"ஆமாங்க."

அவன் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தான். அது உடைந்து உள்ளே விழுந்தது. அதையே பார்த்தான்.

"சொல்லு" என்றான். "தண்ணி கெட்டுப் போச்சுன்னா தெரிஞ்சுக்கத்தானே வேணும்."

ஆட்கள் வந்தார்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்தார்கள். ஆலை வாசலிலும் கோடு விழுந்தது. அண்ணி இடுப்பில் கை வைத்து அதைச் சுற்றி வந்தாள்.

"ஊரெல்லாம் கோடு போட்டு முடிச்சாச்சு. கோலம் போட இடமில்லாம நம்ம வாசலுக்கே வந்துட்டா." மீன் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா. நாளைக்கு உங்க வண்டிக்கும் போடுவா."

சில நாள் கழித்து மறுமுனைக்காரர் சொன்னார். "உங்க கிணறு தங்கம் சிஸ்டர். தொட்டியும் சுத்தம். ஊர்லயே நல்ல தண்ணி உங்களோடதுதான். நான் அங்க வந்து குடியேறலாம்னு பார்க்கறேன்."

அண்ணி அன்று எல்லாருக்கும் முட்டை வறுத்தாள். நர்ஸின் தட்டில் ஒன்று அதிகமாக வைத்தாள்.

"சாப்பிடு. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு இளைச்சுப் போயிட்டே. ஆமா, ஏன் கொஞ்ச நாளா எனக்குப் போனே வரலை? ஊர்ல யாருக்கும் காய்ச்சல் இல்லையா?"

"குறைஞ்சிருக்கு அண்ணி."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு சிவக்கும். நம்ம வீட்டுக் கண்ணாடியில பார்த்துக்கோ."

*

சாப்பிட்ட பிறகு அண்ணி தன் காய்ச்சல் கதையைச் சொன்னாள். வருஷத்துக்கு ஒருதரம் சொல்கிற கதைதான். சந்தோஷமாக இருந்தால் சொல்வாள்.

அப்போது அவளுக்குப் பாவாடை கட்டத் தெரிந்த வயசு, முடிச்சுப் போடத் தெரியாத வயசு. காய்ச்சல் வந்தது. இறங்கவே இல்லை. கட்டில் நடந்து போகிற மாதிரி இருந்ததாம். வீட்டை விட்டு வெளியே போய், தெருவைத் தாண்டி, தண்ணீர்மேல் மிதந்துகொண்டே போனதாம். கரையில் அம்மா நின்று கூப்பிட்டாளாம். குரல் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை. எல்லா இடமும் மஞ்சள். மணலும் மஞ்சள், தண்ணீரும் மஞ்சள்.

"அப்போ எங்கப்பா கை மேலேயிருந்து வந்துச்சு. கை மட்டும்தான். ஆளைக் காணோம். கையில வெளிச்சம். உருண்டையா. வாயில வச்சுச்சு. வச்சதும் கட்டில் நின்னுடுச்சு."

"ஐஸ்" என்றான் அவள் தம்பி.

"நீ சும்மா இருடா. கதை என்னோடது. ஐஸ்தான். மூலை இல்லாத ஐஸ். ராத்திரி பகலா எங்கப்பா உக்காந்து உருட்டி உருட்டி வச்சிருக்காரு. அவர் கை வெந்து போன மாதிரி சிவந்து கிடந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. எல்லாரும் கை கழுவின பிள்ளை நான். டாக்டர் குடற்காய்ச்சல், பிழைக்காதுன்னுட்டுப் போயிட்டாராம். அந்த டாக்டர் போய்ச் சேர்ந்தாரு. நான் இருக்கேன்."

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். வெளுத்து, ரேகையெல்லாம் நீரில் ஊறி, பழைய துணி மாதிரி மெத்தென்று இருந்தன.

குடற்காய்ச்சல். டைபாய்டுக்கு அந்தக் காலத்துப் பேர். இந்தக் கதையை நர்ஸ் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஐஸைத்தான் கேட்டிருக்கிறாள், காய்ச்சலைக் கேட்டதில்லை. காய்ச்சல் போய்விடும். சில பேருக்குக் கிருமி போகாது. பித்தப்பையில் குடியிருக்கும். ஆள் நோய் நொடியில்லாமல் நடமாடுவார். கை வழியாக அது மட்டும் வெளியே போய்வரும். படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிய பாடம்.

"என்ன அப்படிப் பார்க்கறே?" என்றாள் அண்ணி. "தட்டுல முட்டை ஆறுது."

*

"இதுலயா?" அண்ணி அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இதுல நான் உப்புக்கூட வைக்க மாட்டேன்."

"கொஞ்சம் போதும் அண்ணி. ஆலையில வேலை செய்யற எல்லாரும் குடுக்கணும். அவரும் குடுக்கறார்."

"டேய், நீயுமாடா?"

"ஆமாக்கா" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"கிணறு முடிஞ்சு இப்போ வயித்தைத் தூர் வாரக் கிளம்பிட்டாளா? சரி, குடு. தண்ணியாவது நானே இறைக்கணும்னு சொல்லலையே."

முதல் டப்பா மலத்தில் கிருமி ஒன்றும் இல்லை. நர்ஸுக்கு அன்று நடக்கும்போது கால் தரையில் படவில்லை. ஆனால் ஒரு தடவை பத்தாது என்று தெரியும். கிருமி எல்லா நாளும் வெளியே தலைகாட்டாது. மறுபடி கேட்டாள்.

"மறுபடியுமா? ருசி பிடிச்சுப் போச்சா உங்க டாக்டருக்கு?"

மூன்றாவது டப்பாவுக்கு அண்ணி எதுவும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு போனாள். அதுதான் நர்ஸுக்கு என்னவோ போல இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் வயசானவர். நோயாளி பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. அன்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"இருக்கும்மா" என்றார். "யாரோடது இது?"

"வீட்டுல ஒருத்தங்க."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல டாக்டர். நல்லா இருக்காங்க. எப்பவும் நல்லா இருக்காங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நோய் இல்லாம கிருமியைச் சுமக்கறவங்களையும் சொல்லணும்னுதான் சட்டம். ஆனா யாரும் சொல்றதில்லை. மருந்து குடுப்போம். நான் இதைப் பார்க்கலைன்னு வச்சுக்கோ. சொல்றதும் சொல்லாததும் உன்கிட்ட விடறேன்."

"அப்படி விடாதீங்க டாக்டர்."

ஆனால் அவர் கண்ணை மூடிவிட்டார்.

*

சாயங்காலம் ஆலையின் பின்கதவுப் படியில் புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து குளிர் அவர்கள் முதுகில் சாய்ந்தது. முன்னால் வெயில். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஆவி எழுந்து கலைந்துகொண்டிருந்தது.

"மாத்திரை குடு" என்றான் அவன். "நான் வாளியை ஒளிச்சு வச்சிடறேன். ஏதாவது சாக்கு சொல்லிக்கலாம். வெளிய எதுக்கு?"

"நான் போனை நிறுத்தியே நாளாச்சு. வாளி நின்னுச்சா?"

நிற்கவில்லை. மீன் வண்டிக்காரர்கள் தாங்களாகவே வாங்கிப் போகிறார்கள். அத்தை வீட்டுக் குழந்தைக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கோ. காய்ச்சல் என்று கேட்டால் அண்ணி இல்லை என்று சொன்னதில்லை.

"எந்த வீட்டுக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள். "எனக்குத் தெரியாது. அண்ணிக்கே தெரியாது. டெய்லர் பொண்ணைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. குடல்ல ரத்தம் போகுது. அவளுக்கு அம்மா இருக்கா, நான் இருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு படுத்துக் கிடந்தா, அது சாதா காய்ச்சல்னுதான் நினைச்சுக்குவாங்க. சுகாதார ஆபீஸ்தான் வீடு வீடா ஏறித் தேடணும். நான் சொல்லாம அவங்க ஏன் தேடுவாங்க?"

"பேரைச் சொல்லாம சொல்லேன்."

"பேர் கேப்பாங்க. சொல்லணும்."

அவன் ஒரு ஐஸ் துண்டை எடுத்துப் படியில் வைத்தான். அது தன்னைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டத்தை வரைந்துகொண்டு சிறுத்தது.

"அக்காவுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போச்சு. காய்ச்சல்ல விழுந்த பொண்ணு, நோஞ்சான்னு சொன்னாங்க. ஒருநாள்கூட அதுக்கு அழுது நான் பார்க்கலை. அவளுக்கு இந்த வாளி ஒண்ணுதான். அதுல கொண்டுபோய் நீ..." ஐஸ் துண்டைப் படியிலிருந்து கீழே தள்ளினான். "ஊர் என்ன சொல்லும் தெரியுமா? வாளியக்கா விஷம் வச்சான்னு சொல்லும். மகராசின்ன அதே வாய்."

"தெரியும்."

"அவகிட்ட நீ சொல்லாதே. நான் சொல்றேன்."

"எப்போ?"

"காலையில."

காலையில் அவன் அக்கா எதிரில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தான். மூன்றாவதும் கேட்டான். "வயித்துல என்ன கிணறா வெட்டியிருக்கே?" என்றாள் அண்ணி. அவன் சிரித்தான். எழுந்துபோய்ச் சங்கிலியை இழுக்க ஆரம்பித்தான். நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வானம் முதல்முறையாக மூடியிருந்தது. மழை வரும் வராது என்று சொல்லாமல் ஒரு வெளிச்சம். தெருவில் பழைய கோடுகள் மங்கிக் கிடந்தன. எந்த வீட்டில் எது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. எல்லாம் ஒரே நீளமான கோடு மாதிரி, அவள் கூடவே நடந்து வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டெய்லர் பொண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் முகம் திரும்பவில்லை, நேராகப் பார்த்தது.

"முழிச்சுட்டா சிஸ்டர். ரத்தம் நின்னுடுச்சாம். இனிமே பயமில்லைன்னாங்க."

"பேசினாளா?"

"பேசாம? பெரிய டாக்டர்கிட்ட சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுட்டா." அவள் சிரித்தாள், கண் நிறைந்தது. "நாக்கு வறண்டு கிடக்குதாம். ஐஸ் வேணுமாம். ஆஸ்பத்திரி ஐஸ் வேண்டாமாம், குத்துதாம். வாளியக்கா ஐஸ்தான் வேணுமாம். நீ ஒரு வார்த்தை போன்ல சொல்லிடேன். உன்னை நான் என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே."

நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். "வெந்நீரை ஆற வச்சுக் குடுங்க" என்றாள். "ஐஸ் வேண்டாம். யார் குடுத்தாலும் வேண்டாம். ஏன்னு அப்புறம் சொல்றேன்."

உள்ளே போனாள். போன் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. உட்கார்ந்தாள். முதல் நம்பரைச் சுற்றினாள்.

"சொல்லுங்க சிஸ்டர்." வேகவைத்தது.

"டைபாய்டு. நோயாளி இல்லை. கிருமியைச் சுமக்கறவங்க."

மெல்லும் சத்தம் நின்றது. "அப்படி ஒண்ணு நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்லையே. பெண்ணா?"

"பெண்." வயதைச் சொன்னாள். பேரைச் சொன்னாள். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. யாரோ வேறு ஒருத்தியைச் சொல்கிற மாதிரி இருந்தது.

"என்ன வேலை?"

"காய்ச்சல்காரங்களுக்கு ஐஸ் குடுக்கிறது."

"விலாசம்?"

சொன்னாள்.

மறுமுனையில் ஒரு பொட்டலம் மடிக்கப்படும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர்" என்றார் அவர். "இது உங்க வீடாச்சே."

"ஆமா. பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஆளுங்களை அனுப்புங்க. மீன் வண்டிக்காரங்களைக் கேட்டா வழி சொல்வாங்க. ஐஸ் வாங்கின வீடு எதையும் விட்டுடாதீங்க."

"சரி" என்றார். பிறகு, "கோடு போட வேண்டாம்னு நான் சொல்லிடறேன்" என்றார்.

"போடச் சொல்லுங்க. எல்லா வீட்டுக்கும் போட்டதுதானே."

போனை வைத்தாள். வெளியே ஒன்றிரண்டு துளிகள் விழுந்து, மண்ணில் புள்ளி வைத்து, யோசித்தன. அவள் எடுத்த கையை மடியில் வைக்கவில்லை. இரண்டாவது நம்பரைச் சுற்றினாள். விரலுக்கு அது மறக்கவில்லை.

மணி ஒருதரம்தான் அடித்தது.

"எந்த வீடு?" அண்ணியின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அப்பா, இப்பவாவது உனக்கு என் ஞாபகம் வந்துச்சே."

"நம்ம வீடு அண்ணி."

"நம்ம வீடா? யாருக்கு? தம்பி இங்கதானே நிக்கறான்."

"உங்களுக்கு."

"எனக்கென்ன? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"ஆமா அண்ணி. நீங்க நல்லா இருக்கீங்க. சின்ன வயசுல வந்துச்சே ஒரு காய்ச்சல், அது முழுசாப் போகலை. உள்ளயே இருந்திருக்கு. உங்களை ஒண்ணும் பண்ணலை." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "கையில வருது."

சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. டின் ஒன்று தொட்டியில் முங்கியது. பாளம் பெருமூச்சு விட்டது.

"அந்த வாயாடி" என்றாள் அண்ணி. "டெய்லர் பொண்ணு."

"பிழைச்சுட்டா. இப்பத்தான் சொன்னாங்க."

"நான் உருட்டினதா?"

நர்ஸால் ஆமா என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஆபீசுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணி. முதல்ல அங்கதான் சொன்னேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கொக்கியில் இல்லை, மேஜைமேல். இணைப்பு அறுபடவில்லை. மரமூடிகள்மேல் காலடிகள் தள்ளிப் போயின. அடியில் தண்ணீர் முணுமுணுத்தது. நர்ஸுக்கு அது தெளிவாகக் கேட்டது. வாளி கவிழ்க்கப்படும் சத்தம். ஐஸ் துண்டுகள் தரையில் உருண்டன. மூலை இல்லாததால் வெகு தூரம் உருண்டன.

பிறகு குழாய் திறந்தது. தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"டேய் தம்பி" என்று அண்ணியின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "வீட்டுக்குப் போய் அந்தச் சோப்பை எடுத்துட்டு வாடா."